ஐப்பசிக்கு முன்னே மூக்கைப் பாருங்கள்

தூக்கத்தில் மூச்சு நிற்கும் ஸ்லீப் ஆப்னியாவுக்காகச் சிபாப் மெஷின் வாங்கியவர்களில் பலர் கோடை முழுக்க அதை ஒழுங்காகப் போடுகிறார்கள். ஐப்பசி அடைமழை பிடித்ததும் மூக்கு அடைக்கிறது. மாஸ்க்கைப் போட்டால் காற்று உள்ளே இறங்காமல் வாய்வழியாகப் புஸ்ஸென்று வெளியேறுகிறது. “ஏங்க, மெஷின் போடலையா?” என்று வீட்டில் கேட்டால், “மூக்கே திறக்கல, இதுல இது வேறயா? சளி விடட்டும், பாத்துக்கலாம்” என்று பதில் வருகிறது. மெஷின் கட்டிலுக்கு அடியில் போகிறது. பொங்கல் கழிந்து, மாசி மகத்துக்குச் சாமி கடலுக்கு வந்து போன பிறகும் அங்கேயேதான் கிடக்கிறது.

இந்த அத்தியாயம் அந்த மாதங்களைப் பற்றியது. மூக்கு அடைத்திருக்கும் ராத்திரிகளில் ஸ்லீப் ஆப்னியா கூடும். மெஷின் அதிகம் தேவைப்படுவதும் அந்த ராத்திரிகளில்தான். அதனால் மழை வருமுன்பே மூக்கைத் தயார் செய்துவிட்டு, மழை முழுக்க மெஷினை விடாமல் போட வேண்டும். காரைக்கால் கரையிலுள்ள கிளிஞ்சல்மேட்டை வைத்து எழுதியிருக்கிறேன். நாகூரிலிருந்து தரங்கம்பாடி வரை கடலோரத்தில் யாருக்கும் இது பொருந்தும்.

மூக்கு அடைத்தால் தொண்டை ஏன் மூடுகிறது

தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு நாக்கின் அடியும் அண்ணத்தின் பின்பகுதியும் சரிந்து காற்று போகும் வழியையே அடைத்துவிடும். மூச்சு 10 நொடியாவது நின்றால் அது ஒரு தடை. முழுத் தடை, அரைத் தடை எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு எத்தனை என்பதே உங்கள் ரிப்போர்ட்டில் ஏஹெச்ஐ என்று போட்டிருக்கும் எண். 5 முதல் 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. இந்தியாவில் சுமார் 10.4 கோடிப் பேருக்கு இது இருக்கலாம் என்று 2023-இல் எய்ம்ஸ் மருத்துவர்கள் கணக்கிட்டார்கள். 2022 பிப்ரவரியில் இசையமைப்பாளர் பப்பி லஹரி இறந்தபோது மருத்துவர்கள் காரணமாகச் சொன்னதும் இந்த நோயைத்தான். அதுவரை குறட்டை என்றால் நல்ல தூக்கம் என்று நினைத்திருந்த பலர் அன்றுதான் இதன் பெயரைக் கேள்விப்பட்டார்கள்.

இதில் மூக்குக்கு என்ன வேலை? இளநீர்க் கடையில் இப்போது காகிதக் குழல் தருகிறார்கள். அதன் அடியில் வழுக்கை வந்து அடைத்துக்கொண்டால் என்ன செய்கிறோம்? வேகமாக உறிஞ்சுகிறோம். உறிஞ்ச உறிஞ்ச, நனைந்த குழல் நடுவில் ஒட்டிக்கொள்கிறது. மூக்கு அடைத்தவர் தூக்கத்தில் செய்வதும் இதுவே. வாசலில் காற்று தாராளமாக வராததால் நெஞ்சு பலமாக இழுக்கிறது. அந்த இழுப்பில் தளர்ந்து கிடக்கும் தொண்டை ஒட்டிக்கொள்கிறது. மூச்சுப் பாதையில் காற்று சந்திக்கும் மொத்தத் தடையில் பாதிக்கு மேல் மூக்கிலேயே இருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டால், அங்கே வரும் சிறு வீக்கம்கூட ஏன் இவ்வளவு படுத்துகிறது என்பது புரியும்.

படுத்தால் நிலைமை இன்னும் மோசம். தலைக்கு வரும் ரத்தம் சற்றுத் தேங்கி மூக்கின் உட்சதை உப்புகிறது. நின்றால் திறந்திருக்கும் மூக்கு, படுத்த கால்மணி நேரத்தில் அடைத்துக்கொள்வது இதனால்தான். பிறகு வாய் திறக்கிறது, தாடை இறங்குகிறது, நாக்கு பின்னால் சரிகிறது. மூக்கு மாஸ்க் போட்டவர் என்றால், மெஷின் அனுப்பும் காற்று முழுக்க வாய்வழியே போய்விடும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அலர்ஜி தீர்ந்தால் ஆப்னியா தீர்ந்துவிடாது. மூக்கு அலர்ஜியும் ஆப்னியாவும் சேர்ந்து இருந்தவர்களுக்கு ஸ்டீராய்டு ஸ்ப்ரே கொடுத்துப் பார்த்த அயர்லாந்து மருத்துவர்கள், தடைகள் ஓரளவு குறைந்ததாக 2004-இல் எழுதினார்கள். குறைந்ததுதான், போகவில்லை. ‘மூக்கைச் சரிசெய்தால் மெஷினே வேண்டாம்’ என்று யாராவது சொன்னால் அவரிடம் மறுபடி போகாதீர்கள்.

இந்தக் கரையின் அலர்ஜிப் பருவம்

வெளிநாட்டுக் கையேடுகளில் வசந்தம், பூந்தாது, தும்மல் என்று வரிசையாக இருக்கும். அதை அப்படியே எடுத்துக்கொண்டால் நாம் பங்குனியில் மருந்தைத் தொடங்கி ஐப்பசியில் நிறுத்திவிடுவோம். இங்கே கணக்கு வேறு.

காரைக்காலுக்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடும். வாடைக்காற்றும் மழையும் சேர்ந்தால் துவைத்த துணி மூன்று நாளானாலும் காய்வதில்லை. சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிராமங்களில் எழுந்த கான்கிரீட் வீடுகளில் சுவரில் ஓதம் ஏறும், மூலையில் கரும்பூஞ்சை படரும், பீரோவைத் திறந்தால் பூசண வாடை அடிக்கும். தூசி உண்ணிக்கு இது கொண்டாட்டமான காலம். ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும் அந்தப் பூச்சி தண்ணீர் குடிப்பதில்லை. காற்றிலிருக்கும் ஈரத்தை உடம்பால் வாங்கியே வாழ்கிறது. ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நீடித்தால் அது காய்ந்து போகும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் வீட்டில் அப்படி ஒரு நிலைமை வருவது அபூர்வம், மழைக்காலத்தில் வரவே வராது. நமக்குத் தும்மலைத் தருவது அந்தப் பூச்சியைவிட அதன் கழிவுதான். அது தலையணையிலும் மெத்தையிலும் தங்கியிருக்கிறது. சரியாக நம் மூக்கு இருக்கும் இடம்.

மழை விட்டால் மார்கழி. விடியற்காலைப் பனியில் புகை மேலே போகாமல் தெருவிலேயே நிற்கும். போகியன்று பழைய பாயும் டயரும் எரிந்தால் கேட்கவே வேண்டாம். தை, மாசியில் திருநள்ளாறு, நெடுங்காடு, அம்பகரத்தூர்ப் பக்கம் சம்பா அறுவடை. அறுவடை மெஷின் கிளப்பும் தூசியில் உமியும் பூஞ்சை விதைத்தூளும் சேர்ந்தே பறக்கும். வேப்பம்பூ, மாம்பூவின் தாது கனமானது. பூச்சிகள் சுமந்து போவது, காற்றில் அதிகம் பறக்காது. அவற்றின் மேல் பழி போடுகிறவர்கள் பக்கத்திலிருக்கும் சவுக்குத் தோப்பையும் சீமைக்கருவேலையும் பார்த்துக்கொள்ளட்டும். சவுக்கின் தாது முழுக்கவே காற்றை நம்பியது. சீமைக்கருவேலின் தாதும் இந்தியாவில் அலர்ஜி தருவதில் பேர்போனது.

சித்திரை பிறந்த கையோடு மீன்பிடித் தடை தொடங்குவது வழக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். கரையில் என்ன நடக்கிறது? ஃபைபர் உடைப்பைத் தேய்க்கிறார்கள், பெயின்ட் அடிக்கிறார்கள், தின்னர் மணக்கிறது. அதன்பின் கச்சான் காற்று மேற்கிலிருந்து காய்ந்த வயல்களின் புழுதியைக் கொண்டுவருகிறது. தெற்கே கீழவாஞ்சூர்த் துறைமுகத்தில் நிலக்கரி இறங்குகிறது. வாஞ்சூர், நாகூர்ப் பக்கத்து மக்கள் கருந்தூசி பற்றி வெகுகாலமாகப் புகார் சொல்லி வருகிறார்கள். ஃபைபர் தூள், தின்னர், கரித்தூசி ஆகியவற்றால் வரும் மூக்கடைப்பு பெரும்பாலும் அலர்ஜி அல்ல, எரிச்சல். அலர்ஜி டெஸ்ட்டில் தெரியாது, அலர்ஜி மாத்திரைக்கும் அவ்வளவாக அடங்காது. முகக்கவசம் கட்டுவதும், வேலை முடிந்ததும் மூக்கைக் கழுவுவதும்தான் வழி.

உங்களுக்கு எது என்று கண்டுபிடிக்க ஒரு நாட்குறிப்பு போதும். தினத்தாள் காலண்டரின் தாளிலேயே எழுதலாம்: மூக்கு எப்படி, அன்று என்ன செய்தீர்கள், மெஷின் காட்டிய ஏஹெச்ஐ எவ்வளவு, லீக் எவ்வளவு. இப்போதைய மெஷின்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு எண்களையும் திரையிலோ கைப்பேசியிலோ காட்டிவிடுகின்றன. ஒரு வருடக் குறிப்பைக் கொண்டுபோனால் மருத்துவர் உங்களோடு பேசும் விதமே மாறும்.

மீன்பிடித் தடைக்காலத்துக்கு ஒரு பயனும் உண்டு. வெளியூர் மருத்துவமனைக்கு அலைவதாக இருந்தால் அந்த 61 நாளுக்குள் முடித்துவிடுங்கள். புதுச்சேரி சுமார் 130 கி.மீ.; தூக்கப் பரிசோதனைக்கு ஒரு ராத்திரி தங்க வேண்டிவரலாம். அலர்ஜிக்கான தோல் பரிசோதனை செய்வதானால், அதற்கு ஒரு வாரம் முன்பே அலர்ஜி மாத்திரைகளை நிறுத்தச் சொல்வார்கள். மாத்திரை இல்லாமல் ஒரு வாரத்தைத் தள்ள மழைக்காலத்தைவிடக் கோடை தேவலை.

புரட்டாசியில் தொடங்க வேண்டிய மருந்து

மூக்கு அலர்ஜிக்கு முதல் மருந்து ஸ்டீராய்டு ஸ்ப்ரே. ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் என்ற பெயர்களில் கிடைப்பவை. ஸ்டீராய்டு என்றதும் பயப்படுகிறவர்கள் உண்டு. இது மூக்கில் மட்டும் படும் மிகச் சிறு அளவு. மாத்திரையாகவோ ஊசியாகவோ போகும் ஸ்டீராய்டோடு இதைச் சேர்த்து எண்ணக் கூடாது. கண்ணில் கிளாக்கோமா உள்ளவர்கள் மட்டும் முதலில் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஸ்ப்ரே அடித்தவுடன் மூக்கு திறக்காது. முழுப் பலன் தெரிய ஒரு வாரம், சிலருக்கு இரண்டு வாரம் ஆகும். ‘ரெண்டு நாள் அடிச்சேன், ஒண்ணும் கேக்கல’ என்று தூக்கிப்போடுவது இங்கே மிகச் சாதாரணம். அதனால்தான் புரட்டாசி நடுவில், அதாவது அக்டோபர் முதல் வாரத்தில், மூக்கு நன்றாக இருக்கும்போதே தொடங்கச் சொல்கிறேன். மழை பிடிக்கும்போது மருந்து வேலை செய்துகொண்டிருக்கும். எவ்வளவு, எத்தனை மாதம் என்பதை மருத்துவர் எழுதித் தரட்டும்.

அடிக்கும் முறையில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். தலையை அண்ணாந்து பார்க்காதீர்கள், கொஞ்சம் குனியுங்கள். வலது துவாரத்துக்கு இடது கை, இடது துவாரத்துக்கு வலது கை. அப்படிப் பிடித்தால் முனை தானாகவே கண்ணின் வெளியோரத்தைப் பார்த்துத் திரும்பும். நடுத்தண்டில் அடித்தால் ரத்தம் கசியும், மருந்தும் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. அடித்தபின் பலமாக உறிஞ்சாதீர்கள். தொண்டையில் கசப்பு தெரிந்தால் மருந்து வயிற்றுக்குப் போய்விட்டது என்று பொருள்.

ஸ்ப்ரேக்கு முன் உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவினால் நல்லது. உண்ணிக் கழிவு, உமித் தூசி, கரித்தூள் எல்லாம் வெளியே வந்துவிடும். ஒரு டம்ளர், அதாவது 240 மில்லி தண்ணீருக்கு அரை டீஸ்பூன் உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. வேதாரண்யம் உப்பளம் பக்கத்தில்தானே என்று கல்லுப்பை அப்படியே கரைக்காதீர்கள். அதில் மண் இருக்கும். மருந்துக்கடையில் மூக்குக் கழுவும் பாட்டிலும் அளந்து வைத்த பாக்கெட்டும் கிடைக்கின்றன, அதுவே சௌகரியம். தண்ணீர் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது: நன்றாகக் கொதித்து ஆறிய தண்ணீர் மட்டும்தான். குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், குளத்துத் தண்ணீர் எதுவும் மூக்கில் ஏறக் கூடாது. மூக்குவழியாக மூளைக்கு ஏறும் அமீபாவால் கேரளத்தில் 2024-லும் 2025-லும் உயிர்கள் போனதைச் செய்தியில் படித்திருப்பீர்கள். குடித்தால் ஒன்றும் செய்யாத அந்த அமீபா, மூக்கில் ஏறினால் ஆளைக் கொல்லும்.

ராத்திரி வரிசை இப்படி இருக்கட்டும்: சாப்பாட்டுக்குப் பின் மூக்கைக் கழுவி, குனிந்து மிச்சத் தண்ணீரை வடியவிட்டு, கால்மணி நேரம் கழித்து ஸ்ப்ரே. படுக்கும்போது மாஸ்க். கழுவியவுடன் மாஸ்க்கைப் போட்டால் உள்ளே நிற்கும் தண்ணீரைக் காற்று தொண்டைக்குத் தள்ளும், இருமல் வரும்.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரை

‘மூக்கு ஒழுகுது, ஒரு மாத்திர குடு தம்பி’ என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் குளோர்ஃபெனிரமைன், ஃபினைலெஃப்ரின், பாரசிட்டமால் மூன்றும் சேர்ந்த கலவை. ஆப்னியா உள்ளவருக்கு இது பொருத்தமில்லாத மாத்திரை. குளோர்ஃபெனிரமைன், ஏவில் மாதிரிப் பழைய அலர்ஜி மருந்துகள் தூக்கத்தைத் தள்ளும். ஆப்னியாக்காரருக்குப் பகலில் ஏற்கெனவே தூக்கம்தான். இரண்டு மணிக்கு எழுந்து ஃபைபர் படகில் போகிறவர், எஞ்சின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண் அசந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஃபினைலெஃப்ரின் விஷயம் இன்னும் வேடிக்கை: மாத்திரையாகச் சாப்பிட்டால் அது மூக்கடைப்பைத் திறப்பதில்லை என்று 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் நிபுணர் குழுவே ஒருமனதாகச் சொல்லிவிட்டது. அதே வேலைக்கான சூடோஎஃபெட்ரின் கேட்கும். ஆனால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், தூக்கத்தைக் கெடுக்கும். ஆப்னியாவும் ரத்த அழுத்தமும் சேர்ந்தே இருக்கும் ஜோடி.

மாத்திரை வேண்டுமென்றால் தூக்கம் தராத புதிய வகைகளைக் கேளுங்கள். ஃபெக்சோஃபெனடின் மிகக் குறைவாகவே தூக்கம் தரும். அதைப் பழச்சாறோடு சாப்பிடக் கூடாது, உடம்பில் ஏறாது; வெறும் தண்ணீர் போதும். லொராட்டடினும் பரவாயில்லை. செட்ரிசின், லெவோசெட்ரிசின் சிலருக்கு நன்றாகவே தூக்கம் தரும். ஒன்று ஞாபகம் வையுங்கள்: இந்த மாத்திரைகள் தும்மலையும் ஒழுகலையும் நிறுத்தும், அடைப்பை அவ்வளவாகத் திறக்காது. அடைப்புக்கு ஸ்ப்ரேதான்.

லெவோசெட்ரிசினும் மான்டெலுகாஸ்ட்டும் சேர்ந்த மாத்திரை நம் ஊரில் மிட்டாய் மாதிரி விற்கிறது. மான்டெலுகாஸ்ட்டால் கெட்ட கனவு, தூக்கக் கலைவு, மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் வரை வரலாம் என்று 2020 மார்ச்சில் அமெரிக்காவில் அதன் மீது மிகக் கடுமையான எச்சரிக்கை போடப்பட்டது. ஆஸ்துமாவுக்காக மருத்துவர் எழுதியிருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம். வெறும் மூக்கு அலர்ஜிக்காகச் சாப்பிடுகிறவர் ராத்திரி தூக்கம் கெட்டால் மெஷினைக் குறை சொல்வதற்கு முன் இந்த மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

உடனே மூக்கைத் திறக்கும் சொட்டு மருந்து, சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் வகை, ஒரு மாயம்தான். ஐந்து நிமிடத்தில் திறக்கும். மூன்று நாள் போடலாம், மிஞ்சினால் ஐந்து நாள். அதற்கு மேல் போனால் மருந்து இறங்கியதும் மூக்கு முன்னைவிட அதிகமாக வீங்கும், மறுபடி சொட்டு, மறுபடி வீக்கம். சட்டைப் பையில் இந்தப் பாட்டில் இல்லாமல் வெளியே போக முடியாதவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். மழைக்காலத்தின் மிக மோசமான இரண்டு மூன்று ராத்திரிகளுக்கு, மெஷின் போட முடியாத நிலையில் மட்டும், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

தைலம் மூக்கு திறந்ததுபோல் ஓர் உணர்வைத் தரும். குளிர்ச்சிதான், அடைப்பு அளவில் மாறுவதில்லை. தடவிக்கொள்ளுங்கள், தடுக்கவில்லை, மாஸ்க் படும் இடத்திலோ மெஷின் தண்ணீரிலோ மட்டும் வேண்டாம். நொச்சி போட்டு ஆவி பிடிப்பதும் கொஞ்ச நேரச் சுகம். வருடத்துக்கு ஒருமுறை ‘அலர்ஜி ஊசி’ என்று ஸ்டீராய்டு போட்டுக்கொள்ளும் பழக்கம் மட்டும் வேண்டாம். சர்க்கரை ஏறும், எடை ஏறும். எடை ஏறினால் ஆப்னியா ஏறும்.

காரைக்காலில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட முடியாது: சளிக்கு ஒரு பெக் மருந்து என்பவர்கள் இங்கே அதிகம், கடையும் பக்கம், விலையும் சகாயம். சாராயம் தொண்டைத் தசையைத் தளர்த்தும், மூக்கின் உட்சதையை வீங்க வைக்கும், மூச்சு நின்றால் எழுப்ப வேண்டிய மூளையை மந்தமாக்கும். அடைத்த மூக்கோடு, குடித்துவிட்டு, மெஷின் இல்லாமல் மல்லாந்து படுப்பது இந்த நோயில் செய்யக்கூடிய மிக ஆபத்தான காரியம். தூக்க மாத்திரைக்கும் இதே பேச்சுத்தான்.

மெஷினை மழைக்குத் தயார் செய்தல்

சிட்னியில் காலின் சல்லிவன் 1981-இல் முதன்முதலாக சிபாப் முறையை எழுதியபோதே காற்று போனது மூக்கு வழியாகத்தான். இன்றும் மூக்கு மாஸ்க்கே பலருக்கு முதல் தேர்வு. சிறியது, லீக் குறைவு. ஆனால் ஒவ்வொரு மழைக்கும் மூக்கு அடைப்பவர் வாயையும் மூடும் முழு மாஸ்க் ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. மூக்கு திறந்த நாளில் ஒன்று, அடைத்த நாளில் மற்றொன்று. மூக்கு அடைத்திருக்கும்போது தாடையைக் கட்டும் பட்டியைப் போட்டு வாயை மூடாதீர்கள்.

மெஷின் அறையின் காற்றைத்தான் இழுத்து உங்களுக்குத் தருகிறது. ஆகவே பின்பக்கத்து ஃபில்டர் உங்கள் இரண்டாவது மூக்கு. கோடையில் மாதம் ஒருமுறை மாற்றுகிறவர் அறுவடை நாட்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சாம்பல் நிறமானால் மாற்றுங்கள். வெள்ளை ஃபில்டரைக் கழுவிப் போடக் கூடாது. மெஷினைத் தரையில் வைத்தால் தரைத் தூசியை இழுக்கும். முக்காலி மேல் வையுங்கள், ஆனால் தலையணை மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். குழாயில் சேரும் தண்ணீர் முகத்துக்கு வராது.

ஈரக்காற்று தரும் தண்ணீர்த் தொட்டியில் டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். நம் கரையோர போர் தண்ணீர் உப்பு. ஒரு வாரத்தில் தொட்டி அடியில் வெள்ளை படியும். பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரித் தண்ணீர் வேண்டாம், அது மூச்சுக்காகச் செய்ததல்ல. அவசரத்துக்குக் கொதித்து ஆறிய தண்ணீர் ஊற்றலாம். காலையில் மிச்சத்தைக் கொட்டிக் காயவையுங்கள். நேற்றைய தண்ணீரில் பூஞ்சை பிடித்தால் அதைத்தான் மூக்குக்குள் ஊதிக்கொள்வீர்கள். ஃபேன் போட்டு, ஜன்னல் திறந்து படுப்பவருக்கு மழைக்காலத்தில் ஈரம் அதிகம் தேவைப்படாது, குறைத்து வையுங்கள். ஏசி அறையில் குளிர்ந்த குழாயில் ஈரம் தண்ணீராகக் கட்டிக் குடுகுடுவென்று சத்தம் வரும். குழாயைப் போர்வைக்குள் விட்டால் நிற்கும்.

மாஸ்க்கைத் தினமும், குழாயை வாரம் ஒருமுறை, குழந்தைக்குப் போடும் மென்மையான சோப்பில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். ஓசோனால் சுத்தம் செய்யும் பெட்டிகளை வாங்காதீர்கள். ஓசோன் மூக்கையும் நுரையீரலையும் எரிக்கும்.

பிரான்ஸிலிருந்து மகனோ மருமகனோ கொண்டுவந்து கொடுத்த மெஷின் இந்த ஊரில் சில வீடுகளில் இருக்கும். இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, அதன் அழுத்தம் உங்கள் பரிசோதனைப்படி வைக்கப்பட்டதா? அடுத்தவர் அழுத்தத்தில் தூங்க முடியாது. இரண்டு, பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில் ட்ரீம்ஸ்டேஷன் உள்ளிட்ட பல மாடல்களைத் திரும்பப் பெற்றது. உள்ளே சத்தம் குறைக்க வைத்த ஸ்பாஞ்ச் சிதைந்து காற்றில் கலக்கக்கூடும் என்பது காரணம். வெப்பமும் ஈரமும் அதைச் சீக்கிரம் சிதைக்கும் என்றும் சொன்னார்கள், அதாவது நம் ஊர் மாதிரி இடத்தில். பழைய மெஷின் என்றால் மாடலையும் சீரியல் எண்ணையும் சரிபாருங்கள்.

படுக்கையறை

இதில் நீட்ட ஒன்றுமில்லை. இலவம்பஞ்சுத் தலையணையை மழைக்கு முன் மொட்டை மாடி வெயிலில் போட்டு, உண்ணி புகாத நெருக்கமான உறை போடுங்கள். உறையையும் விரிப்பையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். கருவாட்டு மூட்டையும் நெல் மூட்டையும் படுக்கையறையில் வேண்டாம். அவற்றுக்கென்றே வேறு உண்ணி இனம் உண்டு. ஈரத்துணியை அறைக்குள் கொடி கட்டிக் காயப்போடாதீர்கள்.

கொசுவர்த்திச் சுருள்தான் பெரிய எதிரி. ஒரு சுருள் முழுதும் எரிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று அளந்து சொன்னது. மெஷின் அதை இழுத்து நேராக உள்ளே அனுப்பும். கொசுவலை கட்டுங்கள், குழாயை வலைக்கு அடியில் விட்டுக்கொள்ளலாம். சாம்பிராணியை மாலையிலேயே போட்டு, ஜன்னலைத் திறந்து புகை போன பிறகு படுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போவது? ஒரே பக்க மூக்கு மட்டும் மாதக்கணக்கில் அடைத்திருந்தால், மூக்கில் ரத்தமோ நாற்றமோ வந்தால், நெஞ்சில் இழுப்பு கேட்டால், மருந்து ஒழுங்காகப் போட்டும் ஏஹெச்ஐ இறங்காவிட்டால். நடுத்தண்டு வளைவோ சதை வளர்ச்சியோ இருந்தால் ஸ்ப்ரேயால் மட்டும் ஆகாது. குறட்டை விடும் குழந்தைக்கு இந்த அத்தியாயம் பொருந்தாது. அங்கே பெரும்பாலும் அடினாய்டும் டான்சிலும்தான் காரணம், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

புயல் ராத்திரி

அலர்ஜி உச்சத்தில் இருக்கும் அதே கார்த்திகையில்தான் கரண்டும் போகும். 2018 நவம்பர் 16 விடிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையேறிய பிறகு டெல்டாவில் பல ஊர்கள் நாட்கணக்கில் இருட்டில் கிடந்தன. வீட்டு இன்வெர்ட்டரில் சிபாப் ஓடும். தண்ணீர்த் தொட்டியின் சூட்டையும் குழாய்ச் சூட்டையும் அணைத்துவிட்டால் மின்சாரம் பல மடங்கு மிச்சம், பேட்டரி ராத்திரி முழுக்கத் தாங்க வாய்ப்பு அதிகம். 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டும் கம்பி அந்தந்த மாடலுக்கென்று தனியாக விற்கிறார்கள். ஆடியிலேயே வாங்கி ஒரு ராத்திரி ஓட்டிப் பாருங்கள். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிய பிறகு அது எங்கும் கிடைக்காது.

மெஷின் அறவே ஓடாத ராத்திரியில் மல்லாந்து படுக்காதீர்கள். ஒருக்களித்து, முதுகுப் பக்கம் ஒரு தலையணை அணைத்து, தலைமாட்டைச் சற்று உயர்த்திப் படுங்கள். மூக்கைத் திறக்கும் சொட்டு மருந்தை அந்த ராத்திரிக்கென்றே வைத்திருங்கள். முகாமுக்குப் போக வேண்டிவந்தால் மெஷினையும் எடுத்துக்கொண்டு போங்கள், அங்கே ஜெனரேட்டர் இருக்கக்கூடும். பிளாஸ்டிக் பையில் சுற்றும் முன் தண்ணீர்த் தொட்டியைக் கழற்றிக் காலி செய்துவிடுங்கள். தண்ணீரோடு தூக்கினால் அது மோட்டாருக்குள் இறங்கிவிடும்.